டேட்டா இந்தியாவுக்குப் போனால் மட்டும்தான் ஆபத்தா?

கொழும்பில் டிஜிட்டல் அடையாள அட்டை என்று யாராவது வாயெடுத்தால் போதும், தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர் மைக்கை இழுத்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். "நம்ம டேட்டா எல்லாம் இந்தியாவுக்குப் போகப் போகுது! நாட்டோட பாதுகாப்பு என்னாகிறது?"

நல்ல கேள்வி. கேட்கட்டும்.

ஆனால் இதே கேள்வியை எட்டியாந்தோட்டையிலோ இறக்குவானையிலோ ஒரு லயத்து வாசலில் உட்கார்ந்து கேட்டால் அங்கிருக்கிற பெரியவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். டேட்டா போகிறதற்கா இவ்வளவு கூச்சல்? ஆட்களையே கப்பலேற்றி அனுப்பிய நாடாயிற்றே இது! அதுவும் சும்மா இல்லை. எண்ணி, கணக்குப் போட்டு, இரண்டு அரசாங்கமும் கையெழுத்து வைத்து.

மறந்துபோனவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், அப்பா இங்கே பிறந்தவரா, இல்லையென்றால் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா என்று கேட்டது. (பிள்ளைக்கே பிறப்புப் பதிவு ஒழுங்காக இல்லாத லயத்தில் பூட்டனுடைய பத்திரத்துக்கு எங்கே போவது?) தோட்டத் தமிழர்களில் பெரும்பாலானோர் ஒரே வீச்சில் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்தது 1964 ஒக்டோபர் 30, சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம். மொத்தம் 975,000 பேர் என்று கணக்கு. இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000. மிச்சம் இருந்த 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரமாக வைத்துவிட்டு, 1974இல் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் பித்தளை அண்டாவைக்கூட இவ்வளவு லேசாகப் பிரிக்க மாட்டார்கள்.

சப்ரகமுவக்காரர்களுக்கு இதில் தனியாக ஒரு சங்கதி இருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த சிறிமாவோ பிறந்தது இரத்தினபுரி மாவட்டத்து எல்லாவலையில். அவருடைய ரத்வத்தைக் குடும்பத்து வளவு பலாங்கொடையில். அவருடைய அமைச்சரவையில் அப்போது நிதி அமைச்சர் யார் தெரியுமா? என்.எம். பெரேரா, எட்டியாந்தோட்டை எம்.பி. 1948இல் அந்தக் குடியுரிமைச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் எதிர்த்தது அவருடைய சமசமாஜக் கட்சி. அதே கட்சி 1964 ஜூனில் கூட்டணி ஆட்சிக்குள் போய் உட்கார்ந்தது. நாலு மாதத்தில் ஒப்பந்தம் வந்தது. டிசம்பரில் ஆட்சியே கவிழ்ந்தது. ஆட்சி கவிழ்ந்ததே தவிர ஒப்பந்தம் கவிழவில்லை. ஊருக்குப் போகிற கூட்டம் மலையகத்து ரயில் நிலையங்களில் வருடக் கணக்காக அழுதுகொண்டே ஏறியது.

1984இல் தலைமன்னார்-இராமேஸ்வரம் கப்பல் நின்றபோது, இந்தியப் பாஸ்போர்ட்டை டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு இங்கேயே தங்கிப்போனவர்கள் பலர். ஒருவழியாக 2003இல் ஒரு சட்டம் வந்து இந்தக் குடியுரிமைச் சிக்கலைப் பெருமளவு தீர்த்தது. 1948க்கும் 2003க்கும் நடுவே 55 வருடம். ஒருவர் பேர் பதிந்து, கொழுந்தெடுத்து, பென்ஷன் வாங்கி, பேரன் பேத்தி பார்க்கிற காலம் அது.

அந்த 55 வருடமும் "நாட்டின் பாதுகாப்பு" என்று இதற்காக மேசையைத் தட்டியவர்கள் ரொம்பக் குறைவு. இன்றைக்கு ஒருத்தருடைய விரல் ரேகை பாக்கு நீரிணையைத் தாண்டினால் ஆபத்து. அன்றைக்கு அந்த விரலோடு ஆளே தாண்டினால் அது ஒப்பந்தம்!

சரி, அட்டைக்கு வருவோம்.

இப்போது கையில் இருக்கிற தேசிய அடையாள அட்டை 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தில் பிறந்து 1972இல் கைக்கு வந்தது. பழைய அட்டையின் எண்ணில் ஒரு சுவாரசியம் உண்டு. முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று, அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். 1966 ஜனவரி 15இல் பிறந்த ஒரு பெண்ணின் எண் 66515 என்று ஆரம்பிக்கும். (எல்லா வருடத்துக்கும் பெப்ரவரி 29 நாள் என்றே கணக்கு! அதனால் சாதாரண வருடத்தில் பெப்ரவரிக்குப் பிறகு பிறந்தவர்கள் நாட்காட்டியை வைத்து எண்ணிப் பார்த்தால் ஒரு நாள் இடிக்கும்.) கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து. வாக்குரிமை உள்ளவருக்கு வி, இல்லாதவருக்கு எக்ஸ். 2016 முதல் எண் 12 இலக்கமாகி அந்த எழுத்து காணாமல் போனது.

ஆக, சோதனைச் சாவடியில் நிற்கிற சிப்பாய்க்கு அட்டையைத் திருப்பிப் பார்த்தாலே வயசு, ஆணா பெண்ணா, வோட்டு உண்டா இல்லையா எல்லாம் தெரியும். கம்ப்யூட்டர் தேவையே இல்லை. யுத்தக் காலத்தில் கொழும்புக் கடைகளில் வேலைக்குப் போன தோட்டத்துப் பையன்களுக்கு இந்த அட்டைதான் உயிர். அது சட்டைப் பையில் இருந்தால் கேள்வியோடு விடுவார்கள், இல்லாவிட்டால் ஜீப். அந்த ஜீப்புக்குத் துணையான பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் வந்தபோது அதன் பெயரிலேயே "தற்காலிக ஏற்பாடுகள்" என்று போட்டிருந்தார்கள். அந்தத் தற்காலிகம் நாற்பது வருடத்தைத் தாண்டியும் ஓடியது.

இப்போது வரப்போவது வேறு மாதிரி அட்டை. முகம், விரல் ரேகை, கண்மணி மூன்றையும் பதிந்து ஒவ்வொருவருக்கும் ஒரு தனி டிஜிட்டல் எண். பணம் இந்திய நன்கொடை, கிட்டத்தட்ட 300 கோடி இந்திய ரூபா. அதில் 45 கோடி 2023 ஓகஸ்டில் முற்பணமாகக் கொடுக்கப்பட்டது. (அப்போது தொழில்நுட்ப இராஜாங்க அமைச்சர் கனக ஹேரத். அவரும் கேகாலை மாவட்ட எம்.பி.தான். சப்ரகமுவ எங்கேயும் விட்டுப்போகாது!) காசு அவர்களுடையது என்பதால் வேலையைச் செய்வதும் இந்திய நிறுவனமாக இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. இங்கேதான் சண்டை. அரசாங்கத்தின் பதில்: தரவு இலங்கையிலேயே இருக்கும், ஆட்பதிவுத் திணைக்களத்தின் கையில் இருக்கும், இந்திய நிறுவனம் கட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விடும்.

இந்தியாவோடு செய்யும் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் திறந்து காட்டச் சொல்வது சரி. அயல் நாடு நண்பனாக இருந்தாலும் வீட்டுச் சாவியைக் கொடுக்கிறோமா என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஒரு கேள்வியோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்களைப் பார்த்தால்தான் எரிச்சல் வருகிறது. ஏனென்றால் இந்த நாட்டின் தரவுக்கு வந்த கேடுகளைப் பட்டியல் போட்டால் அதில் இந்தியா இல்லை.

2021இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் கோப்புகள் அழிந்துபோனது ஞாபகம் இருக்கிறதா? சர்வரிலிருந்த தரவு மறைந்துவிட்டது என்று செய்தி வந்து நாடே திகைத்து நின்றது. பிறகு 2023 ஓகஸ்ட் கடைசியில் அரசாங்கத்தின் கிளவுட் அமைப்பையே ரான்சம்வேர் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளுக்கு அடி. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரைக்குமான மின்னஞ்சல்களுக்கு மாற்றுப் பிரதியே இல்லை! மூன்று மாதத்துக்கு மேலாக யாரும் பேக்-அப் எடுக்கவில்லை. மென்பொருளும் காலாவதியானது. இதற்கு உளவாளி தேவையா? சோம்பல் போதும்.

தகவல் கையில் இருந்தும் என்ன நடந்தது என்பதற்கு 2019 ஏப்ரலைவிட வேறு உதாரணம் வேண்டாம். இந்திய உளவுத்துறை ஏப்ரல் 4ஆம் திகதியே எச்சரித்தது. உயிர்த்த ஞாயிறு குண்டுகள் வெடித்தது ஏப்ரல் 21. இடையில் இரண்டு வாரத்துக்கும் மேல் இருந்தது. அதைத் தடுக்கத் தவறியதற்காக 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது. குண்டு வெடித்த அன்று அரசாங்கம் உடனடியாகச் செய்த வேலைகளில் ஒன்று பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் முடக்கியது.

முடக்குவது என்றதும் இன்னொன்று. 2022 ஏப்ரல் 3, அப்போதைய ஜனாதிபதி கோட்டாபயவுக்கு எதிராகப் போராட்டம் சூடுபிடித்த நேரம். சமூக வலைத்தளம் எல்லாம் கட். டிஜிட்டல் தொழில்நுட்பத்துக்கும் பொறுப்பாக இருந்த நாமல் ராஜபக்ஷவே, தானும் வீபீஎன் போட்டுத்தான் பார்க்கிறேன், இந்தத் தடையால் பயனில்லை என்று பகிரங்கமாக எழுதினார். தொழில்நுட்பத்துக்குப் பொறுப்பானவரே வீபீஎன் போட்டு உள்ளே வந்த கதை உலகத்தில் வேறெங்கும் இருக்குமா?

இனி லயத்துப் பக்கம் வருவோம். இந்தப் பேச்சில் யாரும் எட்டிப் பார்க்காத பக்கம்.

பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அடையாள அட்டை எடுக்க வேண்டும். சாதாரண தரப் பரீட்சை எழுத அது வேண்டும். ஊரில் இருக்கிறவர் கிராம அலுவலரிடம் போவார். தோட்டத்தில் இருக்கிறவரின் விண்ணப்பத்தில் தோட்ட அதிகாரியும் கையெழுத்து வைக்கலாம் என்று ஓர் ஏற்பாடு உண்டு. கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போய்விட்டன. ஆக அந்த அதிகாரி ஒரு கம்பனியின் சம்பளக்காரர். இந்த நாட்டுக் குடிமகனை "ஆமாம், இவர் இவர்தான்" என்று சொல்ல ஒரு கம்பனி மேனேஜர்! கொழும்பு ஏழில் குடியிருக்கிறவரிடம் அவருடைய முதலாளியிடம் போய் அத்தாட்சிக் கையெழுத்து வாங்கி வரச் சொன்னால் சும்மா இருப்பாரா? பேர் போட்டுவிட்டு, நாளுக்கான கொழுந்தை நிறுத்துவிட்டு ஆபீசுக்குப் போனால் "கிளாக்கர் ஐயா லீவு", "தொரை பீல்டுல", "திங்கட்கிழமை வாம்மா". சம்பளத் தகராறில் குரல் உயர்த்திய வீட்டுக்காரர் என்றால் திங்கட்கிழமை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகும்.

அடுத்தது விலாசம். லயத்துக்குத் தபால்காரர் வீடு வீடாக வருவதில்லை. கடிதம் தோட்ட ஆபீசுக்கு வரும், அங்கிருந்து டிவிஷனுக்குப் போகிற ஆள் கையில் வரும். சில நேரம் கோயிலடியில், சில நேரம் கடையில். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்த பிறகு வந்து சேர்ந்த கதை இல்லாத தோட்டமே கிடையாது. ஒரே காம்பராவில் அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம் இரண்டும் இருந்தால் படிவத்தில் அது ஒரு வீடா, இரண்டா? 2023இல் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு வந்தபோது இந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டார்கள். அடையாள அட்டை வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும், வீட்டு விபரம் வேண்டும். சொந்தமே இல்லாத வீட்டைப் பற்றிய விபரம்!

உள்ளூராட்சியும் அப்படித்தான் ஒதுக்கி வைத்திருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று. அதைக் காட்டித்தான் தோட்டத்துக்குள் பிரதேச சபைக் காசை இறக்க முடியாது என்று கையை விரிப்பார்கள். வோட்டுக் கேட்க உள்ளே வரலாம், தெருவிளக்குப் போட வரக்கூடாது. 2018இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள்.

இந்த நிலையில் ஒரு புது டிஜிட்டல் அமைப்பு வந்தால் என்ன நடக்கும்? பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் இன்னொன்று, ஈபிஎஃப் புத்தகத்தில் மூன்றாவது என்று இருக்கிற பிழைகளைக் கம்ப்யூட்டர் அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளும். முன்பு பிழையான காகிதத்தை வைத்துக்கொண்டு கிளாக்கர் ஐயாவிடம் கெஞ்சலாம். இனி திரையில் "பொருந்தவில்லை" என்று வரும். திரையிடம் யார் கெஞ்சுவது?

அப்புறம் விரல். கொழுந்து பறிக்கிற ஓர் அக்காவின் கையை எப்போதாவது கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? ஆள்காட்டி விரலிலும் கட்டைவிரலிலும் கொழுந்துக் கறை கறுப்பாக ஏறி, தோல் வெடித்து, வெடிப்புக்குள்ளும் அந்தக் கறுப்பு இறங்கியிருக்கும். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் போகாது. கேகாலைப் பக்கம் ரப்பர் வேலை என்றால் பால் உறைய வைக்கிற ஃபோர்மிக் அமிலம் வேறு. ரேகை என்று ஒன்று மிச்சம் இருந்தால் அதிர்ஷ்டம். இந்த விரலைக் கண்ணாடியில் வைத்து "நீ யார்?" என்று கேட்டால் மெஷின் திருதிருவென்று முழிக்கும்.

இது கற்பனைப் பயம் இல்லை. இந்தியாவில் ஆதார் 2010இல் ஆரம்பித்ததிலிருந்து கூலி வேலை செய்கிறவர்களுக்கும் வயதானவர்களுக்கும் ரேகை பதியாமல் ரேஷன் கடையிலிருந்து வெறும் பையோடு திரும்புகிற கதை ஓயவேயில்லை. 2017இல் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதார் இணைக்காததால் ரேஷன் கார்டை வெட்டிவிட்டார்கள், பட்டினியால் செத்தாள் என்றது குடும்பம். மலேரியா என்றது அரசாங்கம். அடுத்த வருடம், 2018 செப்டம்பர் 26இல், இந்திய உச்ச நீதிமன்றம் அரசாங்கச் சலுகைகளுக்கு ஆதார் கேட்கலாம், தனியார் கம்பனிகள் கட்டாயப்படுத்தக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. இந்தியாவிலிருந்து கொண்டுவர வேண்டியது மென்பொருள் மட்டும்தானா, இந்த அனுபவமும் சேர்த்தா என்று இங்கே யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

கென்யாவில் இன்னும் கிட்டத்தில் ஒரு ஒற்றுமை இருக்கிறது. அங்கே நூபியர்கள் என்று ஒரு சமூகம். சூடானிலிருந்து வெள்ளைக்காரன் பட்டாளத்துக்குக் கூட்டி வந்த ஆட்களின் வம்சம். (நம்மவர்களைக் கோப்பிக்கும் தேயிலைக்கும் கூட்டி வந்த அதே வெள்ளைக்காரன்.) சுதந்திரத்துக்குப் பிறகு அவர்களுக்கும் "நீ இந்த ஊரா?" என்ற கேள்விதான். 2019இல் கென்யா அரசு "ஹுதுமா நம்பா" என்று ஒரு டிஜிட்டல் எண் கொண்டுவந்தபோது, பழைய அட்டையே கிடைக்காத எங்களுக்குப் புதியது எப்படிக் கிடைக்கும் என்று நூபியர்கள் நீதிமன்றம் போனார்கள். 2020 ஜனவரியில் நீதிமன்றம், ஒழுங்கான சட்ட ஏற்பாடு செய்துவிட்டு நடத்து என்று அரசாங்கத்திடம் சொன்னது. வழக்குப் போடுகிற அளவுக்கு ஓர் அமைப்பு அவர்களுக்கு இருந்தது.

இப்படியெல்லாம் சொல்வதால் டிஜிட்டலே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. 2022 ஜூலையில் எரிபொருள் கியூஆர் வந்தபோது தோட்டத்துப் பிள்ளைகள்தான் டவுனில் நின்ற திரீவீல் அண்ணன்மார்களுக்குப் போனில் பதிந்து கொடுத்தார்கள். எண்ணும் வாகன விபரமும் போட்டால் வேலை முடிந்தது. எளிமையாகச் செய்தால் எந்த லயத்திலும் ஓடும்.

உண்மையில் இந்த அட்டையால் யாருக்காவது பெரிய நன்மை என்றால் அது சப்ரகமுவத் தோட்டக்காரர்களுக்குத்தான் வர வேண்டும். 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கமெல்லாம் லயங்களைக் கொளுத்தி விரட்டியபோது உடுத்த துணியோடு வவுனியாவுக்கு ஓடியவர்கள் பெட்டியையா தூக்கிக்கொண்டு போனார்கள்? பத்திரம் எல்லாம் சாம்பல். 2016 மே 17இல் அரநாயக்கவில் மலை சரிந்தது. அதே மழையில் புளத்கொஹுபிட்டியப் பக்கம் தோட்ட லயமும் மண்ணுக்குள் போனது. உயிரோடு வெளியே வந்தவரிடம் நிவாரணத்துக்கு முதலில் கேட்பது அடையாள அட்டை. அது மண்ணுக்குள் கிடக்கிறது. அந்த நேரத்தில் ஒரு கண்மணியைப் பார்த்து "இது இன்னார், இவருக்கு இன்ன உரிமை" என்று ஒரு கருவி சொல்லுமானால் அதைவிட நல்ல தொழில்நுட்பம் ஏது? மலைச்சரிவில் தொங்குகிற லயத்துக்காரருக்குத் தேசப் பாதுகாப்பு என்றால் முதலில் மண்சரிவு எச்சரிக்கை நேரத்துக்குத் தமிழில் வருவது. சர்வர் பெங்களூரிலா பத்தரமுல்லையிலா என்பது அதற்குப் பிறகு.

இன்னொரு பயமும் இருக்கிறது. அதைத் தொலைக்காட்சியில் சிங்கள அரசியல்வாதிகள் கேட்க மாட்டார்கள், தமிழ் எம்.பி.க்களாவது கேட்கலாம். இந்தத் தரவை யார் யார் பார்க்கலாம்? பொலிஸ் நினைத்த நேரத்தில் திறக்கலாமா? நீதிமன்ற அனுமதி வேண்டுமா? 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றினார்கள். அதை முழுதாக நடைமுறைக்குக் கொண்டுவருகிற திகதியைத் தள்ளிக்கொண்டே போனார்கள். பயங்கரவாதச் சட்டம் தற்காலிகமாக வந்து நிரந்தரமானது, தரவுச் சட்டம் நிரந்தரமாக வந்து காத்துக் கிடந்தது. யார் பேர் சந்தேகப் பட்டியலில் முதலில் வரும் என்று அனுபவப்பட்டவர்களுக்கு இந்தியாவைவிட இந்தக் கேள்விதான் நெஞ்சை அடைக்கிறது.

செய்ய வேண்டியதைச் சொல்வது கஷ்டம் இல்லை. தோட்ட அதிகாரியின் கையெழுத்து இல்லாமலே விண்ணப்பம் போக வழி வேண்டும். பெயர்ப் பிழையைத் திருத்த பிரதேச செயலகத்தில் தமிழ் தெரிந்த ஓர் அலுவலர் வேண்டும். விரல் பதியாவிட்டால் அடுத்து என்ன என்பது படிவத்திலேயே எழுதியிருக்க வேண்டும், அந்தக் காரணத்தால் யாருடைய கொடுப்பனவும் நிற்கக்கூடாது. பதிவுக்கான மெஷின் டவுனுக்கு வராமல் டிவிஷனுக்கு வர வேண்டும். வருகிற நாளும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வரட்டும். கிழமை நாளில் வந்தால் ஒவ்வொருத்தருக்கும் ஒரு நாள் பேர் போய்விடும், அந்தச் சம்பளத்தை டெல்லியும் தராது, கொழும்பும் தராது.